இடது ஓரத்தில் எய்னோ

அன்று பனி பெய்துகொண்டிருந்ததா, பெய்து ஓய்ந்திருந்ததா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஹெல்மி ரவுத்தியோ இதை என்னிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். ஒரு முறை சொன்னபோது சன்னலுக்கு வெளியே ஏரி தெரிந்தது, மறுமுறை தெரியவில்லை. மார்ச் மாதம் என்றுதான் நினைக்கிறேன். ஏரிக்கரை ஊரான டுலூத்தில் மார்ச் மாதத்தை நம்ப முடியாது. அவள் பேசிய வார்த்தைகளைக்கூட நான் கொஞ்சம் மாற்றியிருக்கலாம். ஆனால் படத்தில் யார் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பிரச்சினையே அதில்தான் இருந்தது.

ஹெல்மியும் அவள் தம்பி எய்னோவும் தோழி ரோசலியும் ஒன்பது வருடம் ஒன்றாகக் கச்சேரி செய்தவர்கள். ஹெல்மி பாடுவாள், ரோசலிக்கு அக்கார்டியன், எய்னோவுக்கு வயலின். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமைக் கச்சேரி முடிந்ததும் எய்னோ வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் காரில் ஏறிப் போனான். எல்லையைத் தாண்டி, அடுத்த நாட்டில் இருக்கும் தண்டர் பேயில் குடியேறிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டார்கள். அதன்பின் அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை.

அந்தக் கடைசிக் கச்சேரியின் ஒலிநாடா இப்போது ரோசலியின் வீட்டில் அகப்பட்டது. ஊரில் ஒரு சின்ன கம்பெனி அதை இசைத்தட்டாகப் போட முன்வந்தது. மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். ரோசலி எய்னோவுக்கு எழுதினாள். பதில் ஒரே வரியில் வந்தது: அட்டைப்படத்தைக் காட்டச் சொல், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அட்டைப்படத்தைச் செய்ய வேண்டியவள் ஹெல்மி. உணவகங்களுக்கு மெனு அட்டை வடிவமைப்பதுதான் அவள் பிழைப்பு. அவன் மறுத்துவிட்டால் நாடா மறுபடி இழுப்பறைக்குள் போகும். நாடா போவதைப் பற்றி அவளுக்குப் பெரிய கவலையில்லை. அவனோடு பேச இதை விட்டால் வேறு காரணம் கிடைக்காது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

மூவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாப் படங்களும் ரோசலியின் கணவன் க்ளைட் அரங்கின் முன்வரிசையிலிருந்து எடுத்தவை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு முகம்.

"அவன் அப்படித்தான்டீ," என்று ரோசலி சொல்வாள். "தேன்நிலவு ஃபோட்டோவுல கூட நான் தனியா, அவன் தனியா. பார்த்தவங்க எல்லாம் அதுக்குள்ள பிரிஞ்சுட்டீங்களான்னு கேட்டாங்க."

ஆகவே வெட்டி ஒட்டித்தான் சேர்க்க வேண்டியிருந்தது. ஹெல்மி நாற்பது படங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினாள். அடியில் உறைந்த ஏரியின் படத்தைப் போட்டாள். அதன்மேல் நடன அரங்கின் தேய்ந்த மரத்தரை, ரோசலி கையால் எழுதிய பாட்டுப் பட்டியல், கிழிந்த நுழைவுச் சீட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு லேயர், கண்ணாடித் தாள்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. ஒளிபுகும் அளவைக் கூட்டியபோது மரத்தரைக்கு அடியில் பனிக்கட்டியின் விரிசல்கள் மெல்ல எழுந்து வந்தன. மேலே வைத்த ரோசலியின் கன்னத்தின் ஊடே ஒரு விரிசல் ஓடியது. அவளுக்கு வலிக்கவில்லை; சிரித்துக்கொண்டே இருந்தாள்.

முடியின் ஓரங்களை வெட்டத்தான் நேரம் பிடித்தது. எய்னோவின் நெற்றி முடியை ஒவ்வொரு இழையாக, மவுஸைப் பிடித்து மூச்சை அடக்கி வெட்டினாள். சிறு வயதில் அவனுக்கு முடி வெட்டிவிட்டவளும் அவள்தான். அப்போது அவன் ஆடாமல் இருக்க மாட்டான். இப்போது ஆடாமல் இருந்தான். வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. கணினியின் விசிறி மட்டும், யாரோ பக்கத்து அறையில் தூங்குவதுபோல, மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

யாரை எங்கே நிறுத்துவது? கண்ணை மூடி மேடையை நினைத்தாள். நடுவில் அவள். வலது பக்கம் ரோசலி. இடது பக்கம் எய்னோ, கை நீட்டினால் தொடும் தூரத்தில். கண்ணைத் திறந்து படத்திலும் அப்படியே வைத்தாள்.

எய்னோ அட்டைக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேறு படத்தை வைத்தாள். அதிலும் வெளியே பார்த்தான். அவன் இருந்த பதின்மூன்று படங்களிலும் முகம் ஒரே பக்கம்தான் திரும்பியிருந்தது. அதற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். அவன் இடதுகைக்காரன், வயலினை வலது தோளில் வைத்து வாசிப்பவன், தாடை அந்தப் பக்கம்தான் சாயும். ஆனாலும் பார்க்கப் பார்க்க வேறொன்றும் தோன்றியது. ஒன்பது வருடமும் பக்கத்தில் நின்றுகொண்டு இவன் சுவரைத்தான் பார்த்திருக்கிறான். ஒரு நாளில் போனவன் இல்லை. முதல் நாளிலிருந்தே போய்க்கொண்டிருந்திருக்கிறான்.

பிறகு அந்த லேயரை இடம் வலமாகப் புரட்டினாள்.

ஒரே சொடுக்கு. எய்னோ திரும்பி அவளைப் பார்த்தான்.

வயலின் இடது தோளுக்கு வந்துவிட்டது, வில் வலது கைக்குப் போய்விட்டது. சட்டையில் இருந்த எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறிக் கிடந்தன. அவற்றைத் தனியே வெட்டித் திருப்பி ஒட்டினாள். சட்டைப் பையைப் பெயர்த்து மறுபக்கம் வைத்தாள். நிழலைச் சரிசெய்தாள். இவ்வளவு கவனமாக அவள் எந்த மெனு அட்டையையும் செய்ததில்லை.

மதியம் ரோசலி ஏலக்காய் ரொட்டியோடு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் திரையின் முன் குனிந்தாள்.

"யாருடீ இவன்? எய்னோவுக்கு நல்ல குணம் வந்தா எப்படி இருப்பானோ அப்படி இருக்கான்."

"பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. அதான் பயமா இருக்கு." இன்னும் குனிந்தாள். "அடிப்பாவி, கைய மாத்திட்டியா?"

"வாங்குறவங்களுக்கு என்ன தெரியும்?"

"அவனுக்குத் தெரியுமேடீ."

ஹெல்மி ரொட்டியில் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, படத்தை எய்னோவுக்கு அனுப்பினாள்.

ஒரு மணி நேரம் கழித்துத் தொலைபேசி அடித்தது. ரோசலி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, சூடான பாத்திரத்தைக் கொடுப்பதுபோல ஹெல்மியின் கையில் கொடுத்தாள்.

"படத்துல இருக்கிறது யாரு?" என்றது குரல். வணக்கம், நலம் எதுவும் இல்லை.

"நீதான்டா."

"வலது கையால வாசிக்க வைக்கப் பள்ளிக்கூடத்துல மூணு டீச்சர் முயற்சி பண்ணாங்க. அப்பா பண்ணாரு. எல்லாரும் தோத்துட்டாங்க. பரவாயில்ல, நீ ஜெயிச்சுட்டே."

"நீ வெளியே பார்த்துக்கிட்டு நின்னே. அதான் திருப்பினேன்."

ஹெல்மி காத்திருந்தாள். அந்த வீட்டில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் காத்திருக்கத் தெரியும்.

"என்னை எங்க வச்சே?"

"இடது ஓரத்துல. நீ எப்பவும் நிக்கிற இடத்துல."

"யாரோட இடது?"

"என்னடா கேள்வி? என்னோட இடது கைப் பக்கம்தானே நின்னே?"

"ஆமா. மேடையில நிக்கிற உன்னோட இடது. க்ளைட் எங்க நின்னான்?"

அவள் நாற்காலியை விட்டு எழுந்து, திரைக்கு முதுகைக் காட்டி, பாடுகிறவளைப் போல நின்று, இடது கையை நீட்டிப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை மனதில் அங்கேயே விட்டுவிட்டுத் திரையைப் பார்க்கத் திரும்பினாள். கை இருந்த இடம் திரையின் வலது பக்கம். கீழே எதிரே நின்று படம் எடுத்த க்ளைட்டுக்கு எய்னோ வலது பக்கம்தான் தெரிந்திருப்பான். ரோசலி ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

"நீ கச்சேரியைக் கீழே இருந்து பார்த்ததே இல்ல, சிஸ்கோ," என்றான் எய்னோ. அது அவர்கள் வீட்டில் அக்காவுக்கு இருந்த வார்த்தை. "நீ தனியா பாடுற பாட்டுக்கெல்லாம் நான் இறங்கிப் போய் ஜனங்களோட நிப்பேன். உனக்குத் தெரியாது. நீதான் கண்ண மூடிக்குவியே."

அவள் ஒரு கையால் மவுஸைப் பிடித்தாள். புரட்டியதை நீக்கினாள். வில் இடது கைக்குத் திரும்பியது. வெட்டி ஒட்டிய எழுத்தையும் பையையும் கழற்றினாள். எய்னோவைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். அவன் உறைந்த ஏரியின் மேல், பாட்டுப் பட்டியலின் மேல், அவளுடைய முகத்தின் மேல் ஒரு கணம் படிந்து கடந்து, வலது ஓரம் போய் நின்றான். ரோசலியை இடது பக்கம் கொண்டுவந்தாள்.

பாடிக்கொண்டிருக்கும் ஹெல்மியின் கண்கள் மூடியிருந்தன. எய்னோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பதின்மூன்று படங்களிலும் அவன் பார்த்தது அவளைத்தான்.

"எங்க மூச்சு விடுவே, எங்க நிறுத்துவேன்னு உன்னையே பார்த்துதான் வாசிச்சேன்," என்றான். "ஒன்பது வருஷம். நீ ஒரு தடவைகூடத் திரும்பல. அன்னைக்கு அது திடீர்னு தாங்க முடியல. வேற ஒண்ணும் இல்ல."

"சொல்லியிருக்கலாமேடா."

"நம்ம வீட்டுல யாரு சொன்னாங்க?"

இருவரும் தொலைபேசியை வைக்கவில்லை. ரோசலி கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, காபி போட உள்ளே போனாள்.

எய்னோ கையெழுத்துப் போட்டான். இசைத்தட்டு மே மாதம் வந்தது. முன்னூறு பிரதிகள் அச்சிட்டார்கள். விற்காதவை ரோசலியின் கார் கொட்டகையில் இருந்தன. அவளும் க்ளைட்டும் மகளுக்குப் பக்கத்தில் இருக்க க்ரீன் பே ஊருக்குப் போனார்கள். அடுத்த குளிர்காலத்தில் க்ளைட் இறந்தான். எய்னோ மறுபடி மேடை ஏறவில்லை. தண்டர் பேயில் படகு பழுது பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைக் கூப்பிடுகிறான், அதிகம் பேசுவதில்லை. ஹெல்மி டுலூத்திலேயே இருக்கிறாள், மெனு அட்டைகள் செய்கிறாள், பாடுவதை விட்டுவிட்டாள்.