வேலியோரத்து எருக்குவியல்

சுண்ணப்பாறைக் குன்றுகளின் முகட்டில் இரவெல்லாம் படுத்துறங்கிய வெண்பனி இளங்கதிர் பட்டு மெல்லக் கலைய, ஈப்போவினின்று வடக்கே நீளும் நெடுஞ்சாலையும், அதன் இருமருங்கும் ஒருகாலத்தில் ரப்பர்ப் பால்மரக் காடாயிருந்து இன்று எண்ணெய்ச் செம்பனையாலும் செங்கல் வீடுகளாலும் நிறைந்துவிட்ட பழைய தோட்டங்களும் ஒருங்கே புலப்படும் விடியற்பொழுதில், சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு சிறு நிலத்தின் வேலியோரம் குனிந்து நின்று, பெரியவர் ஒருவர் கோதுமைக் கதிர் திருடிக்கொண்டிருந்தார். படிப்போரே, அவர் பெயர் ஸ்டானிஸ்லாஸ். நிலம் அவர் மனைவியுடையது; கதிரும் அவளுடையது; தம்முடையது என்று அவர் அங்கே காட்டக்கூடியது காலில் கிடந்த காலணி மட்டுமே.

மனைவி பியாட்ரிஸ் பால்வெட்டுத் தொழிலாளியின் மகள். மருத்துவமனையில் செவிலியாயிருந்து, பிறர் புண்ணும் சீழும் துடைத்தே முடி நரைத்து ஓய்வுபெற்றவள். தோட்டம் துண்டாடப்பட்டபோது தந்தை வாங்கி அவளுக்கு விட்டுச்சென்ற அந்நிலம், பால்மரங்கள் உறிஞ்சித் துப்பிய சக்கையாய், புல்லும் முளைக்க நாணும் புளித்த செம்மண்ணாய்க் கிடந்தது. ஆட்டுப்புழுக்கையும் வாழைத்தண்டும் உமிக்கரியும் இலைச்சருகும் மாற்றி மாற்றி அடுக்கி, நீர் தெளித்து, மட்கவைத்து, பரப்பி, மண்புழு தானே தேடிவரும் அளவுக்கு ஆண்டுக்கணக்கில் அந்த மண்ணை அவள் தேற்றியிருந்தாள். அள்ளினால் மாவாய் உதிரும் அந்தக் கரிய மேல்மண்மீது அவளுக்கிருந்த அன்பு கணவர்மீது இருந்ததைவிட மிகுதி. அதை அவள் மறைத்ததுமில்லை.

கணவரோ தோட்டத்துக் கணக்கரான கிராணியின் மகன். அலுவலகப் படிமேல் நின்று கூலி எழுதிய தந்தையிடமிருந்து படியும் வரவில்லை, எழுதுகோலும் வரவில்லை. அந்த மிடுக்கு மட்டும் குறைவின்றி வந்து சேர்ந்தது. மாதாவின் பிறந்தநாள் விழாவன்று, தம் கையால் விளைவித்த கோதுமைக் கதிர்க்கட்டை அன்னையின் திருவடியில் வைப்பதாகச் சிலிபின் கோயிலில் ஊரறிய வாக்களித்தார். இந்த வெக்கைக்குக் கோதுமை தாங்காது என்று சொன்னவர்களுக்கெல்லாம் கைப்பேசியில் பார்த்ததை வைத்துப் பாடம் நடத்தினார். எரு நிறைந்த பாத்தி இருக்கிறதே, அதிலேயே விதைக்கலாமே என்று பியாட்ரிஸ் சொன்னபோது, அவர் மூக்கு நெற்றி வரைக்கும் சுளித்தது.

“சாமிக்குப் போற கதிருக்கு ஆட்டுப் புழுக்கையா? நாறும் லா.”

“அவரு பொறந்ததே தொழுவத்துலதான். அங்க என்ன, ரோசாப்பூ வாசமா அடிச்சிச்சு?” என்றாள் பியாட்ரிஸ்.

மகள் மிஷெலின் பேறுகாலத்துக்குப் பியாட்ரிஸ் லூமுட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, மண்வாரி வண்டியொன்றை வரவழைத்து, அழுக்கை அகற்றுகிறேன் பேர்வழி என்று அந்தக் கரிய மேல்மண் முழுவதையும் சுரண்டி வேலியோரம் குவித்துவிட்டார் அந்தப் பெருந்தகை. விதையைப் புடைத்துச் சொத்தையென்று கழித்ததையும் அக்குவியலின் மேலேயே விட்டெறிந்தார். பிறகு, அடிமண் வெளுத்துக் கிடந்த வெற்றுத் தரையில் நல்விதை தூவி, கடையில் வாங்கிய வெள்ளை உப்பு உரத்தை அளவின்றிக் கொட்டினார். திரும்பி வந்த பியாட்ரிஸ் அந்த நிலத்தைப் பார்த்தாள். தோலுரித்த உடம்பைப் பார்த்தது போலிருந்தது. அன்றிலிருந்து, தன் தந்தை அவருடைய தந்தையை அழைத்தது போலவே, கணவரைக் ‘கிராணி ஐயா’ என்றே அழைத்தாள். மூடர் அதை மரியாதை என்று எண்ணி மகிழ்ந்தார்.

கோதுமை முளைத்தது, பச்சென்று எழுந்து, அவர் கைப்பேசியில் படமெடுக்கும் வரை நின்றது. பின்னர் வெயிலில் மண் ஓடாய் இறுக, உப்பு வேரைச் சுட, நுனி கருகிப் பழுத்துச் சாய்ந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவர் விதையைப் பழித்தார், வானத்தைப் பழித்தார், விற்றவன் குலத்தைப் பழித்தார். வேலியோரக் குவியலிலோ, கழித்தெறிந்த சொத்தை விதைகள் யாரையும் கேளாமல் முளைத்துக் கிளைத்திருந்தன. இந்த ஊர் வெக்கையில் அவை ஓங்கி வளர்ந்துவிடவில்லை; முழங்கால் உயரத்தில் மெலிந்த கதிர்தான் ஈன்றன. ஆயினும் கதிர் கதிரே. பியாட்ரிஸ் அவற்றுக்கு நாள்தோறும் நீர் வார்த்தாள். அடுத்த விதைப்புக்கு அவற்றைத்தான் விதையாக வைப்பது என்று உறுதி கொண்டிருந்தாள். அந்தக் கதிரைத்தான், விழா நாள் விடியலில், மனைவி கண்விழிக்குமுன் வண்டியோட்டி வந்த கணவர், அரிவாள் பிடிக்கத் தெரியாமையால் வேரோடு பிடுங்கி, அடியை வெண்துணியால் சுற்றிப் பட்டுநாடா கட்டி எடுத்துச் சென்றார்.

கோயில் நிறைந்திருந்தது. வெண்துகில் விரித்த பீடத்தில், அன்னையின் திருவடியருகே கதிர்க்கட்டை வைத்துவிட்டு, பங்குத்தந்தை இசைவு தர, ஸ்டானிஸ்லாஸ் பேசத் தொடங்கினார். அசுத்தம் அனைத்தையும் நீக்கித் தூய்மை செய்த நிலமே இத்தகைய தூய கதிரைத் தந்தது என்றும், குப்பையை நம்பியவர் குப்பையையே அறுப்பர் என்றும் முழங்கினார். முன்வரிசையிலிருந்த பியாட்ரிஸுக்குக் கதிரைக் கண்டதுமே யாவும் விளங்கிவிட்டது. எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவள் தவித்துக்கொண்டிருக்கையில், பேச்சின் எழுச்சியில் அவர் கதிர்க்கட்டைத் தூக்கி உயர்த்திக் காட்டினார். நாடா நெகிழ்ந்து துணி அவிழ்ந்தது. வேரிடுக்கிலிருந்த கரிய மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் வெண்துகில்மேல் பொலபொலவென்று உதிர்ந்தன. அவற்றின் நடுவே கொழுத்த மண்புழுவொன்று நெளிந்து, கூச்சம் சிறிதுமின்றி அவர் கையை நோக்கி ஊர்ந்தது.

பியாட்ரிஸ் எழுந்து பீடத்தருகே சென்றாள். புழுவையும் புழுக்கையையும் மண்ணையும் ஒன்றுவிடாமல் தன் முக்காட்டுத் துணியில் கூட்டி அள்ளி முடிந்துகொண்டு, கணவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நாறுதா, கிராணி ஐயா?”

மறுநாள் அவள் அந்தக் குவியலைத் தள்ளுவண்டியில் அள்ளி அள்ளி நிலத்துக்கே திருப்பிக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தாள். முக்காட்டுத் துணியில் வந்த புழுவைத்தான் முதலில் விட்டாள். அவரோ நிழலில் நின்றபடி, மேல்மண்ணுக்குச் சிறிது ஓய்வு கொடுப்பதற்காகவே அதை வேலியோரம் ஒதுக்கி வைக்கச் சொன்னதாகப் போவோர் வருவோரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். புழுக்கை மட்கும், சருகு மட்கும், பால்மரத்தின் வேரும் நாளடைவில் மட்கி மண்ணுக்கு உணவாகும். தற்பெருமை மட்டும் எத்தனை மழை பெய்தாலும் மட்குவதில்லை. ஆகவேதான் படிப்போரே, அதனால் ஒரு புல்லும் விளைவதில்லை.