களத்துமேட்டில் சொன்ன வாக்கியம்

என் வீட்டுக்குள் ‘அது நடக்காவிட்டால்’, ‘இது கெட்டுப்போனால்’ என்று யாரும் பேசக்கூடாது என்று சட்டம் போட்டவன் நான்தான். அது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

என் மகன் பழனிச்சாமி பினாங்குக்குக் கடை வேலைக்குப் போனவன். ஐம்பத்தைந்தாம் வருஷம் பொங்கலோடு கடிதம் நின்றுபோயிற்று. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அவன் பெண்டாட்டி ராஜேஸ்வரி என்னோடுதான் இருந்தாள். எனக்கு வேறு ஆள் கிடையாது. அவள் எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷ் மட்டும் தவறியவள். மறுபடி எழுதித் தேறினால் கிராமசேவிகா என்ற சர்க்கார் வேலைக்கு எடுப்பார்களாம். மனுவை இப்போதே அனுப்ப வேண்டுமாம். அதில் புருஷனோ வீட்டுப் பெரியவரோ கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்த மாசக் கடைசிப் புதன்கிழமை கெடு. நான் போடவில்லை. வேலைக்கென்று போகிறவள் அப்படியே போய்விடுவாள் என்று எனக்குப் பட்டது. படிப்பதை மட்டும் தடுக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கீரனூர் பஸ்ஸில் சந்தனமேரி டீச்சர் வந்து சொல்லிக்கொடுப்பார். பொம்பளைதானே என்று விட்டுவிட முடியுமா? நானும் கூடவே உட்காருவேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தமிழில் அர்த்தம் கேட்பேன்.

அப்போது ‘இஃப்’ பாடம் நடந்தது. நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்லி, அது நடந்தால் அடுத்தது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். ‘இஃப் இட் ரெயின்ஸ், தி டேங்க் வில் ஃபில்.’ மழை பெய்தால் கண்மாய் நிறையும். நல்ல வார்த்தை. அடுத்தாற்போல, மழை பெய்யாவிட்டால் பயிர் காயும் என்றார். பசுவுக்குச் சீக்கு வந்தால் பால் வற்றும் என்றார். சுவரில் பல்லி வேறு கத்தித் தொலைத்தது. நிறுத்தச் சொன்னேன். வராத கெடுதலை வாயால் கூப்பிடுவது எந்த ஊர்ப் படிப்பு? பரீட்சையில் இரண்டு விதமும் கேட்பார்கள் என்று டீச்சர் வாதாடினார். மருமகள்தான் வழி சொன்னாள். நல்லதை இங்கே படிக்கிறோம், மற்றதைக் களத்துமேட்டில் வைத்துக்கொள்கிறோம் என்றாள்.

அப்படியே நடந்தது. உள்ளே பத்து வாக்கியம் சொல்லிவிட்டு, நோட்டைத் தூக்கிக்கொண்டு இருவரும் வெயிலில் களத்துக்குப் போவார்கள். அடுத்த வீட்டு ஆதப்பனுக்கு வாய் சும்மா இருக்காது.

“என்னண்ணே, ஒங்க மருமக இங்கிலீசுக்கும் வெளியதான் ஒதுங்குதா?”

எனக்கு வந்த சந்தேகம் வேறு. வீட்டுக்குள் பேசுவதற்கு நான் காவல் இருந்தேன். களத்தில் பேசுவதை யார் கேட்பது? மூன்றாம் சனிக்கிழமை வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றேன். எல்லாம் இங்கிலீஷ். நடுவில் ‘இஃப் பழனிச்சாமி’ என்று என் மகன் பேர் விழுந்தது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. டீச்சர் சரிசரி என்று தலையாட்டினார்.

பஸ் நிற்கிற இடத்தில் டீச்சரைப் பிடித்துக் கேட்டேன்.

“அது அவங்களே எழுதுன வாக்கியம்ங்க ஐயா. அவங்ககிட்டயே கேளுங்க.”

நடக்கவே நடக்காது என்று தெரிந்ததற்கும் இந்தப் பாடந்தானா என்று கேட்டேன். அதற்கு வேறு விதம் இருக்கிறது, இன்னும் அதற்கு வரவில்லை என்றார். அப்படியானால் என் மகன் வருவான் என்கிறார்களா, வரமாட்டான் என்கிறார்களா? கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

மருமகளோ வீட்டுக்குள் வாயைத் திறக்க மாட்டேன் என்றாள். நான் போட்ட சட்டத்தையே எனக்குத் திருப்பிச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரை பொறுத்தேன். பிறகு நானே முன்னால் நடந்தேன். களத்து நடுவில் நின்று, இப்போது சொல் என்றேன். தமிழில் சொன்னாள்.

“அவுக வந்தா, வேலைய விடுன்னு சொல்லுவாக. நான் விட மாட்டேன் மாமா.”

இது நல்ல பக்கம். இதுவே இப்படி இருந்தால் மற்றது எப்படி இருக்கும்? என் வாயாலேயே கேட்டேன்.

“வராட்டி?”

“வராட்டி, நான் போற ஊருக்கு ஒங்களையும் கூட்டிக்கிட்டுப் போவேன். நீங்க அடம் பிடிச்சா அது ஒங்க பாடு.”

‘வந்தால்’ என்று வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றியதில் சண்டை இருந்தது. ‘வராவிட்டால்’ என்று வாசலுக்கு வெளியே தள்ளியதில் எனக்கு ஒரு வாய்ச் சோறு இருந்தது. ஆனால் நாளைக்குத்தான் மனுவுக்குக் கெடுவான புதன்கிழமை. சொல்கிறவள் கெட்டிக்காரி.

“கையெழுத்துக்காகச் சொல்றியா?”

“அதுக்காகவும்தான்.”

பொய் சொல்கிறவள் இதை ஒத்துக்கொள்வாளா? அல்லது ஒத்துக்கொண்டால் நான் நம்பிவிடுவேன் என்று தெரிந்து வைத்திருக்கிறாளா? நோட்டுக்குள் மனு மடித்து இருந்தது, பேனாவும் கையோடு இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தும், அவள் விரல் வைத்த இடத்தில் ரெங்கசாமி என்று எழுதினேன். எனக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான்.

வீட்டை நோக்கி நடந்தாள். பின்னாலேயே போனேன். பரீட்சையில் இந்தத் தடவையும் தவறினால் என்ன செய்வாள், தேறினால் எந்த ஊரில் போடுவார்கள், அங்கே நான் என்ன செய்வேன் என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தேன். முதல் கேள்விக்கு அவள் வாயெடுப்பதற்குள் வாசல் வந்துவிட்டது. பேசாமல் உள்ளே போய்விட்டாள்.