வடகத்துக்குள் நடந்த உப்பு

1979 மே இருபத்தொன்பதாம் தேதி, சேந்தமங்கலத்து சேகோ ஆலை ஒன்றின் உலர்களத்தில், ஜவ்வரிசி வடகத்துக்குள் இருந்த உப்பு எழுந்து நடந்தது. அன்று ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு வரத்து சுமார். நடக்க வைத்தவள் என் மனைவி வசந்தாமணி, சேலத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆசிரியை. தண்ணீரே இல்லாத பொருளுக்குள்ளும் உப்பு நடந்து மின்சாரத்தைக் கொண்டுபோகும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. ஐந்து வருடமாக அது நடக்கவில்லை. மே முடிவதற்குள் காட்டாவிட்டால் டாக்டர் பட்டத்துக்கான பதிவு ரத்து என்று கடிதம் வந்திருந்தது.

தவறு எங்கள் ஊர் வழக்கத்தில் இருந்தது. ஒடித்தால் படக்கென்று சத்தம் வரும்வரை வடகத்தைக் காய வைப்போம். அவளும் அப்படியே செய்தாள். மாவு என்பது கண்ணுக்குத் தெரியாத நீளச் சங்கிலிகள். காயக் காய அவை இளம்பிள்ளைத் தறியின் பாவு நூல்போல் வரிசையாக இறுகிவிட்டன. இடையில் உப்பு, தேர்க்கூட்டத்தில் சிக்கியதுபோல் விழித்துக்கொண்டு நின்றதை ஊரே பார்த்தது. ஈர வடகத்தில் உப்பு ஓடியது. அது தண்ணீரின் வேலை என்று பட்டத்துக்கான தேர்வாளர் தள்ளிவிட்டார். கடைசியில், மகளின் வாய்ப்புண்ணுக்கு வாங்கிய கிளிசரினைக் கூழில் கலந்தாள். நான்கு நாள் வெயிலுக்குப் பிறகும் அந்த வடகம் ஒடியாமல் தோள்துண்டுபோல் மடிந்தது. ஆலைக்காரர் சின்னண்ணன் சிரித்தார்.

"ஏனம்மிணி, ஒடையாத வடகத்த எவன் திம்பான்?"

"திங்கறதுக்கில்லீங்க, உப்பு நடக்கறதுக்கு."

"உப்புக்குக் காலிருக்குதா?"

"சங்கிலி நெளிஞ்சாப் போதுமுங்க. அதுவே கைமாத்தி உட்டுரும்."

தேர்வாளர் வந்து, சூடாக்கி, எடைபோட்டு, தண்ணீர் இல்லை என்று ஒப்புக்கொண்டார். கம்பியை இணைத்ததும் சங்கிலிகள் நெளிந்தன. ஒன்று அடுத்ததிடம் கொடுக்க, உப்பு பொடி எறும்புபோல் வரிசையாகப் புறப்பட்டது. பல்பு எரிந்தது. தேர்வாளர் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். "காலிருக்குதுங்கோ!" என்று சின்னண்ணன் கூவி, சங்கு ஊதி ஆலையை நிறுத்தினார். அன்றைய ஜவ்வரிசி முழுவதும் பாயசமானது. உப்பு வடகத்தின் ஓரத்தோடு நிற்கவில்லை. களத்தில் இறங்கி, நாமக்கல் சாலையைக் கடந்து, எங்கள் வீட்டு வாசல் விளக்கையும் ஏற்றியது.

வசந்தாமணி 1986இல் இறந்தாள். உப்புக்கு அதை யாரும் சொல்லவில்லை. இன்றும் தினம் மாலை ஆறு மணிக்கு அது சாலையைக் கடக்கும்போது லாரிகள் ஹாரன் அடிக்காமல் நிற்கின்றன. பஸ் ஏன் நின்றது என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், நடத்துனர் சீட்டுக் கிழித்தபடியே சொல்கிறார்: "டாக்டரம்மா உப்புங்க. போயிரட்டும்."