ஒன்பது இருபதுக்குப் பாலச்சந்திரன்

கோல்ஃப் என்ற விளையாட்டைக் கண்ணால் காணும்வரை, அது பணக்காரருக்கு வருகிற ஏதோ வியாதி என்றுதான் நினைத்திருந்தேன். கண்ட பிறகும் அந்த எண்ணம் பெரிதாக மாறவில்லை. மலைகளுக்கு நடுவில் புல்லைத் தலைமயிர் வெட்டுவதுபோல ஒட்ட வெட்டி வைத்திருப்பார்கள். ஒரு சின்ன வெள்ளைப் பந்தை மட்டையால் அடித்துக் குழிக்குள் விழுத்த வேண்டும். விழுத்தினால் அதை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்க வேண்டும். இப்படிப் பதினெட்டுக் குழி. இந்தக் கோதாரிக்காக ஹம்பேர்க்கில் இருந்தும் பாசலில் இருந்தும் சனம் ஆறு மாதம் முன்னதாகவே கடிதம் எழுதி அறை பிடிக்கும்.

அந்த மைதானத்து ஹோட்டலில்தான் எனக்கு வேலை. பனிக்காலத்தில் சமையலறையில் கோப்பை கழுவுவேன். கோடை வந்தால் மைதானத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே என் வேலை மணல் வாருவது. குழிகளுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே பள்ளம் வெட்டி மணல் நிரப்பி வைத்திருப்பார்கள். பந்து அதற்குள் விழுந்தால் ஆடுகிறவருக்குத் தலையிடி. அப்படி முப்பத்தொரு பள்ளம் இருந்தது. காலையில் விருந்தாளிகள் வருமுன் ஒவ்வொன்றிலும் இறங்கி, கால் அடையாளம் இல்லாமல் மணலை வாரி வைக்க வேண்டும்.

அந்த மணல் பள்ளத்துக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் பங்கர். முதல் நாள் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் பங்கர் என்றால் ஆமிக்காரன் மணல்மூட்டை அடுக்கி உள்ளே இருந்துகொண்டு துவக்கை வெளியே நீட்டுகிற இடம். எண்பத்து நாலில் இந்த நாட்டில் அகதி என்று பதிந்த உடனே என்னை நாலு மாதம் படுக்க வைத்ததும் நிலத்துக்கு அடியில், யுத்தம் வந்தால் ஒளிவதற்கென்று இவர்கள் கட்டி வைத்திருந்த ஒரு பங்கரில்தான். மூன்றாவதாக இதுவும் பங்கர். எனக்கு அது பெரிய பகிடியாக இருந்தது. அந்தப் பகிடி என்னோடு நின்றிருக்கலாம்.

பாலச்சந்திரன் என் ஒரே தம்பி. என்னைவிட ஒன்பது வயது இளையவன். எண்பத்தாறில் அவனுக்குப் பத்தொன்பது வயது. அந்த வயதுப் பொடியன் ஊரில் இருப்பதென்றால் ஆமிக்காரனின் ஒவ்வொரு சுற்றிவளைப்புக்கும் அம்மாவுக்கு ஒரு உயிர் போய் வரும். அவனைக் கொழும்புக்கு எடுத்து, அங்கே வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்து, இங்கே கூப்பிட வேண்டும் என்று ஒரு வருடமாக முண்டிக்கொண்டிருந்தேன். அவன்தான் அசையமாட்டான். அம்மாவை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஒற்றை வரியில் எழுதுவான். நான் நாலு பக்கத்துக்கு ஏசி எழுதுவேன். திரும்பவும் ஒற்றை வரி வரும். எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கிறது என்று அம்மா சொல்வது சரிதான்.

அந்த மாசி மாதம் ஹோட்டல் அலுவலகத்தில் எங்களைக் கூப்பிட்டு, கோடை விளம்பரத் தாள்களை மடித்து உறைக்குள் போடச் சொன்னார்கள். நானும் சமையலறையில் என்னோடு நின்ற மன்னார்ப் பொடியன் கிளமென்றும் மேசை நிறையக் குவித்து வைத்துக்கொண்டு மடித்தோம். தாளின் ஒரு பக்கத்தில் மைதானத்தின் வரைபடம். குழிகளுக்கு ஒன்றிலிருந்து பதினெட்டுவரை இலக்கம் போட்டு, இடைத் தூரத்தை மீற்றரில் எழுதி, மணல் பள்ளங்களை மஞ்சளாகக் காட்டி, பக்கத்தில் பங்கர், பங்கர் என்று இங்கிலிஷ் எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். ஏசி எழுதி அலுத்துப்போய்விட்டது, இந்த முறை சிரிக்க வைத்துப் பார்ப்போம் என்று எனக்குத் தோன்றியது. ஒரு தாளை எடுத்து, சிவப்புப் பேனையால் வழி வழியாக அம்புக்குறி போட்டேன். மறுபக்கத்து வெள்ளையில் எழுதினேன்.

"தம்பிக்கு, உனக்கு இஞ்சை கோடை விடுமுறை ஒழுங்கு பண்ணியிருக்கிறன். ஆடி பன்னிரண்டு சனிக்கிழமை, காலமை ஒன்பது இருபதுக்குத் தொடங்கிறம். முதல் நாள் ஒண்டிலையிருந்து ஒன்பது மட்டும் முடிப்பம். எட்டிலை கவனம். சுத்திவர மூண்டு பங்கர். நேரை போனால் மாட்டுப்படுவாய், இடப்பக்கத்தாலை வா. ரண்டாம் நாள் மிச்சம் ஒன்பதையும் முடிச்சுப்போட்டுத்தான் சாப்பாடு."

கிளமென்ற் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். நான் கீழே என் விலாசத்தை எழுதி, இதைச் சட்டைப் பையிலேயே வைத்திரு, கொழும்பில் ஏஜென்சிக்காரன் விலாசம் கேட்டால் காட்டு என்றும் எழுதினேன். அந்த வரிதான். மற்றதெல்லாவற்றையும் மன்னித்தாலும் அந்த வரிக்கு என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பங்குனிக் கடைசியில் பதில் வந்தது. முதல் தடவையாக ஒற்றை வரியில்லாமல் இரண்டு வரி. "அண்ணை, வாறன். எனக்கு இடக்கை மட்டை வேணும்." அவன் இடக்கைக்காரன். இடக்கையால் சோறு அள்ளுகிறான் என்று சின்ன வயதில் அம்மாவிடம் வாங்காத அடியில்லை. வாறன் என்று எழுதிவிட்டான் என்று அன்றைக்குச் சமையலறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பக்கத்தில் நின்று கோப்பை துடைக்கிற போர்த்துக்கல்காரிக்கும் சொன்னேன், அவளுக்கு ஒரு இழவும் விளங்கவில்லை, ஆனாலும் என் முதுகில் தட்டினாள்.

வைகாசி முதல் கிழமை அம்மாவின் கடிதம் வந்தது. பாலன் கொழும்பு பஸ்ஸில் போனவன், வழியில் ஒரு சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தா. அதே பஸ்ஸில் எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிற செல்வராணி ரீச்சரும் இருந்திருக்கிறா. அவ கண்டதைத்தான் அம்மா எழுதியிருந்தா. சட்டைப் பையில் ஒரு படம் இருந்ததாம். ஆமிக்காரன் அதை விரித்துப் பார்த்து, பங்கர் என்று உரக்க வாசித்தானாம். இலக்கம், தூரம், சிவப்பு அம்புக்குறி. பிறகு தமிழ் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டு மறுபக்கத்தை வாசிப்பித்தார்களாம். காலமை ஒன்பது இருபது என்ற இடத்தில் எல்லோரும் ஆளை ஆள் பார்த்தார்களாம். பாலன் ஏதோ விளையாட்டு, விளையாட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அம்மா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ எழுதினது என்ன விளையாட்டு என்று ஆருக்கும் விளங்கவில்லை, அதை விளங்கப்படுத்தி ஒரு கடிதம் அனுப்பு, நான் கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்று மட்டும் எழுதியிருந்தா.

அலுவலகத்தில் ஃப்ராவ் காஃப்லிஷ் என்று ஒரு மனிசி இருந்தா. அறை, மைதானம், நேரம் எல்லாம் அவவின் புத்தகத்துக்குள்தான். ஐம்பது வயது, கண்டிப்பானவ, ஒரு நிமிடம் பிந்தினாலும் மணிக்கூட்டைப் பார்ப்பா. எனக்கு அவவைக் கண்டாலே எரிச்சல். ஆனால் அன்றைக்கு மணல் ஒட்டின சப்பாத்தோடு அவவின் கம்பளத்தில் போய் நின்று, தெரிந்த அரைகுறை ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னேன். பங்கர் என்ற இடத்தில் அவ சிரித்தா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினா.

ஹோட்டல் தாளில் எழுதி ஸ்டெம்பல் முத்திரை அடித்துத் தாருங்கள், என் தம்பி இங்கே கோல்ஃப் விளையாட வர இருந்தவன் என்று எழுதுங்கள் என்று கெஞ்சினேன். பங்கர் என்றால் மணல் பள்ளம் என்று எழுதலாம், ஆனால் உன் தம்பி விளையாட வர இருந்தார் என்பது உண்மையா என்று கேட்டா. உண்மை இல்லாததற்கு ஸ்டெம்பல் அடிக்க முடியாதாம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேசையையே புரட்டியிருப்பேன். பகிடி, ஃப்ராவ் காஃப்லிஷ், எங்களைப் போன்றவர்கள் கோல்ஃப் விளையாடுவது எங்களுக்குப் பகிடி என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன்.

அவ அந்தப் பெரிய புத்தகத்தை எடுத்து ஆடி பன்னிரண்டாம் திகதியைப் பிரித்தா. ஒன்பது இருபது காலியாக இருந்தது. பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னா. சொன்னேன். முதல் ஒன்பது குழி சனிக்கிழமை, மிச்சம் ஞாயிற்றுக்கிழமை என்று என் கடிதத்தில் இருந்த மாதிரியே எழுதினா. ஹான்டிகாப் என்ன என்று கேட்டா. நான் பதறிப்போய், அவனுக்குக் கைகால் எல்லாம் நல்ல சுகம் என்றேன். அது ஆட்டக்காரனின் தரத்தைச் சொல்கிற இலக்கம் என்று பிறகுதான் தெரியும். அவ அந்தமுறை சிரிக்கவில்லை, புதியவர் என்று குறித்தா. வலக்கையா, இடக்கையா என்று கேட்டா. இடக்கை என்றேன். இடக்கை மட்டைப் பை ஒன்று ஒதுக்க வேண்டும் என்று அதையும் எழுதினா. பேனையை வைத்துவிட்டு, இப்போது இது உண்மை என்றா.

இங்கிலிஷில் இரண்டு பக்கம் தட்டச்சடித்து, பங்கருக்கு விளக்கம் எழுதி, மூன்று இடத்தில் ஸ்டெம்பல் குத்தித் தந்தா. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கோல்ஃப் விடுமுறையை ஒழுங்குபண்ணி முடித்தேன், பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதற்குப் பிறகு அம்மாவின் பதில் வரும்வரை தினமும் மணல் வாரினேன். எட்டாம் குழியின் மூன்று பங்கரையும் வாரும்போது மட்டும் கை மெதுவாகும். இடப்பக்கத்தாலை வா என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன்.

ஆனிக் கடைசியில் பதில் வந்தது. அம்மாவும் செல்வராணி ரீச்சரும் ஆமி முகாமுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே பொறுப்பாக இருந்த பெரியவர் ஒருவர் கதிரை கொடுத்து இருத்தினாராம். கடிதத்தை முழுக்க வாசித்தாராம். தனக்கு இந்த விளையாட்டுத் தெரியும், இந்தப் பங்கரும் தெரியும் என்று சொன்னாராம். அந்த வரியை வாசித்ததும் அவன் வந்துவிட்டான் என்றே நினைத்தேன். அடுத்த வரியில், அவர் ஒரு கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்படி ஒருவர் இங்கே இல்லை, ஒருநாளும் இருக்கவும் இல்லை என்றாராம். கடிதத்தைத் திருப்பித் தரவில்லை. "ராசா, இன்னும் நாலைஞ்சு முகாம் இருக்காம். அந்தக் கடிதத்திலை இன்னும் கொஞ்சம் அனுப்பு, நான் எல்லா இடமும் போறன்" என்று அம்மா எழுதியிருந்தா.

ஆறு பிரதி அனுப்பினோம். ஃப்ராவ் காஃப்லிஷ் ஒவ்வொன்றிலும் புதிதாகக் கையெழுத்து வைத்தா.

ஆடி பன்னிரண்டு வந்தது. வெயில் நாள். காலையில் பங்கர்களை வாரி முடித்துவிட்டு, போகாதே போகாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு, முதலாம் குழியின் தொடக்கத்துக்குப் போனேன். ஆட்டக்காரரை நேரப்படி கூப்பிடுகிற கிழவர் பட்டியலோடு நின்றார். மரவேலியில் இடக்கை மட்டைப் பை ஒன்று தனியாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கைப்பிடியில் அட்டை கட்டி என் தம்பியின் பெயரை ஃப்ராவ் காஃப்லிஷ் எழுதியிருந்தா. ஒரு எழுத்துப் பிழையில்லை.

ஒன்பது பத்துக்காரர்கள் அடித்துவிட்டு நடந்து போனார்கள். சரியாக ஒன்பது இருபதுக்குக் கிழவர் பட்டியலைப் பார்த்து, "ஹேர் பாலச்சந்திரன்" என்று மரியாதை வைத்துக் கூப்பிட்டார். ஒருவரும் போகவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டார். எங்கள் வீட்டுப் பெயர் அந்த மலையில் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஐந்து நிமிடம் பொறுப்பது அங்கே சட்டம். பொறுத்தார். என்னைப் பார்த்து, உனக்கு இவரைத் தெரியுமா என்று கேட்டார். "என்ரை தம்பி" என்று தமிழில் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. ஒன்பது இருபத்தைந்துக்குப் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். பாரமாக இருந்தது. ஃப்ராவ் காஃப்லிஷ் அதை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தா. ஆடி பன்னிரண்டுக்குப் பிறகு அம்மாவின் கையில் இருக்கிற கடிதங்கள் எல்லாம் காலாவதி என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவ அலுமாரியைத் திறந்து அடுத்த வருடத்துப் புதுப் புத்தகத்தை எடுத்தா. இன்னும் ஒரு பெயரும் எழுதாத புத்தகம். ஆடி மாதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதே நேரமா என்று கேட்டா.

"ஓம்" என்றேன். "இடக்கை மட்டை."