தாளாளர் அறைப் பீரோ

ஜானட் மாட்டிக்கொண்டது ஒரு பீரோவிடம். பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து பி.இ. பட்டம் வரை அவளுடைய ஒரிஜினல் அத்தனையும் தாளாளர் அறைப் பீரோவுக்குள் கிடந்தன. திருவொற்றியூரில் அவள் வேலைபார்த்த அந்தத் தனியார் பாலிடெக்னிக்கில், வாத்தியார் யார் சேர்ந்தாலும் முதல் நாளே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். பத்திரமாக இருக்குமாம். அநியாயத்துக்கு வைத்த பேரைப் பாருங்கள்!

நாலு வருஷமாக அவள் கட்டடப் படிப்புப் பிள்ளைகளுக்கு பி.ஐ.எம். சொல்லிக்கொடுத்தாள். கட்டடத்தை மண்ணில் எழுப்புமுன் தூண், பைப், வயர் என்று கம்ப்யூட்டரில் முழுசாக எழுப்பிப் பார்க்கிற வேலை அது. மார்ச்சில் கிண்டிக் கம்பெனி ஒன்று அவளை எடுத்துக்கொண்டது. ஜூன் முப்பதுக்குள் ஒரிஜினலைக் காட்ட வேண்டும்.

தாளாளர் சிரித்தார். "தாராளமா போம்மா. லேபைப் பாத்துக்க ஒரு ஆளத் தயார் பண்ணிட்டுப் போ."

எங்கே போய் ஆள் பிடிப்பது? கடைசி வருஷத்துக் கார்குழலிதான் கண்ணில் பட்டாள். கொருக்குப்பேட்டைப் பெண். வாயும் வேகம், கையும் வேகம். தனியாக உட்காரவைத்து எல்லாம் சொல்லிக்கொடுத்து, இரண்டாம் வருஷ வகுப்பை அவளிடமே விட்டாள்.

"டேய் தப்ரேஸு, இன்னாடா இது? பீமப் பொத்துக்கினு பைப்பு போவுது! செவப்பா காட்டுதுல்ல? சைட்ல போயி பீம ஒடைப்பியா நீ?"

வகுப்பே சிரித்தது. தப்ரேஸ் திரையில் பைப்பை உத்தரத்துக்குக் கீழே இறக்கினான், சிவப்பு போனது. ஜானட் அஞ்சு தடவை சொல்லியும் ஏறாதது அவனுக்கு அந்த ஒரு அதட்டில் ஏறிவிட்டது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ரிசல்ட் வந்ததும் லேப் வேலை கார்குழலிக்குத்தான் என்று சொல்லித் தாளாளர் இருவரையும் கூப்பிட்டார். பீரோவைத் திறந்து ஜானட்டின் ஃபைலைக் கொடுத்தார். அவள் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். எல்லாம் இருந்தன. அப்பாடா, போன உயிர் வந்தது! இனி ரிலீவிங் லெட்டரில் அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"உன் ஒரிஜினல் கொண்டாந்தியாம்மா?" என்று கார்குழலியிடம் கேட்டார்.

"பத்தாவதுலேர்ந்து டிப்ளமோ மார்க் ஷீட்டு வரைக்கும் எல்லாம் கீது சார்." அவள் புது ஃபைலை நீட்டினாள்.

குடுக்காதடி என்று ஜானட்டுக்கு வாய் வரைக்கும் வந்தது. லெட்டர் இன்னும் அவர் முன்னால்தான் கிடந்தது. தன் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள், பாவி. தாளாளர் பீரோவைப் பூட்டிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் கார்குழலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வூட்ல மாசச் சம்பளம் வாங்கப்போற மொத ஆளு நான்தான் மிஸ். நீங்க இல்லாங்காட்டி இது நடந்திருக்குமா?"

ஜானட்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள்.