பட்டன் சாட்சி

அழகுபாண்டிக்கு நடிக்க வராது. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் ஒருமுறை மரம் வேஷம் கொடுத்தார்கள். அசையாமல் நிற்பதுதான் வேலை. மரம் பாதியில் சிரித்துவிட்டது. அப்பேர்ப்பட்டவன் இன்றைக்கு ஒரு இன்டர்வியூவில் யோசிப்பது மாதிரி நடித்தாக வேண்டும்.

பசுமலையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. பஸ்களில் டிக்கெட் கொடுக்கிற மெஷினுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள். திருமங்கலத்தில் பஸ் ஏறும்போதே அவனுக்கு ஒரு சேதாரம். இறங்குகிறவர் ஒருவரின் பை மாட்டி, நெஞ்சுக்கு நேரே இருந்த சட்டை பட்டன் தெறித்துப் போயிற்று. அதனால் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடியே திரிந்தான். பார்க்கிறவர்களுக்குப் பையன் ரொம்பப் பணிவு என்று தோன்றும்.

படிப்பு முடிந்து வருஷம் ரெண்டாகிவிட்டது. போன இடத்திலெல்லாம் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒருவரும் சொல்லவும் இல்லை, அனுப்பவும் இல்லை. இதுவும் தேறாவிட்டால் நாளையிலிருந்து மாமாவின் உரக்கடைக்குப் போய் உட்கார் என்று அம்மா சின்னத்தாய் காலையில் இட்லி வைக்கும்போதே சொல்லிவிட்டாள். மாமாவும் அவனுக்கென்று ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டார். அந்த ஸ்டூல்தான் அவனைப் பயமுறுத்தியது.

அவன் படித்த கோச்சிங் சென்டர் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. இன்டர்வியூ முடித்து வருகிறவன் நேரே எதிர்த்த டீக்கடைக்கு வந்து, கேட்ட கேள்வியை அடுத்தவனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் தனக்கு டீ சொல்ல வேண்டும். மறைக்கிறவனுக்கு அப்புறம் பைக்கில் லிஃப்ட் கிடைக்காது. அந்த வழக்கப்படி, அவனுக்கு முன்னால் உள்ளே போய் முகம் செத்து வந்த இம்மானுவேல் கேள்வியை ஒப்படைத்தான். வரிசையாக நம்பர் போட்ட டிக்கெட்டுகளில் இரண்டு மட்டும் காணோம். டிக்கெட்டுகளை ஒரே ஒரு தடவை பார்த்து, எந்த இரண்டு என்று சொல்ல வேண்டும். உள்ளே அவனுக்கு ஓடவில்லை. வெளியே வந்து டீ ஆறுவதற்குள் ஓடிவிட்டது. வடை மடித்த தாளிலேயே விடையைப் போட்டு விளக்கினான்.

"மாப்ள, கேட்டதும் பொசுக்குனு சொல்லிராத. கொஞ்ச நேரம் முழி. தாடையச் சொறி. தானா வாரது மாதிரி வரட்டும்."

அழகுபாண்டி மேலே போனான். கேள்வி கேட்டவர் அஸ்வினி என்ற மேடம். டிக்கெட் கேள்வியேதான் வந்தது. அழகுபாண்டி ஃபைலை வைத்துவிட்டு, போர்டுக்கு முன்னால் நின்று முழித்தான். தாடையைச் சொறிந்தான். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் என்ன மேடம் என்று இழுத்தான்.

மேடம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அப்படியே போங்க, நல்லா போகுது என்றார். கண்ணில் ஒரு வெளிச்சம். எந்த இன்டர்வியூவிலும் யாரும் அவனை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வை தன்னுடையது இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. இம்மானுவேலின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. அதில் எல்லாப் பட்டனும் இருந்தது வேறு கஷ்டமாக இருந்தது.

மார்க்கரை மூடினான்.

"மேடம், இந்தக் கேள்வி எனக்கு முன்னமே தெரியும். யோசிக்கிற மாதிரி நடிச்சுக்கிட்டு இருக்கேன்."

அறையில் கீழிருந்து வந்த பன் வாசனை மட்டும் இருந்தது. அவன் கண்ணுக்கு முன்னால் ஸ்டூல் தெரிந்தது. யார் சொன்னது என்று கேட்டார் மேடம்.

"அத மட்டும் கேக்காதீங்க மேடம். வேற கேள்வி குடுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போயிர்றேன்."

மேடம் எழுந்து வந்து போர்டைத் துடைத்தார். பிறகு வேறு கேள்வி கொடுத்தார். ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஏறிய இடமும் இறங்கிய இடமும் இருக்கிறது. பஸ்ஸில் அதிகக் கூட்டம் எப்போது?

இப்போது நிஜமாகவே முழித்தான். நடிப்பைவிட இது அவனுக்கு நன்றாக வந்தது. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் எல்லா டிக்கெட்டையும் புரட்டிப் பார்க்கிற மாதிரி எழுதினான். டிக்கெட் லட்சக்கணக்கில் இருந்தால் என்றார் மேடம். அழித்தான். வேர்த்தது. பிறகுதான், மொத்த டிக்கெட்டையும் திரும்பத் திரும்ப எதற்குப் புரட்ட வேண்டும், ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஏறினவர்களைக் கூட்டி இறங்கினவர்களைக் கழித்துக்கொண்டே போனால் போதுமே என்று பிடி கிடைத்தது. எழுதினான்.

"ஒரே ஸ்டாப்ல கொஞ்சம் பேர் ஏறுறாங்க, கொஞ்சம் பேர் இறங்குறாங்க. உங்க கணக்குல எது முதல்ல?"

இறங்குவதுதான் முதலில் என்று சொல்லியபடியே, வழக்கம்போல் ஃபைலை இழுத்து அணைக்கக் கை நெஞ்சுக்குப் போனது. ஃபைல் அங்கே இல்லை. பட்டன் இருந்த ஓட்டைதான் விரலில் பட்டது.

"இல்ல மேடம், தப்பு" என்று அவனே அழித்தான். "எங்க திருமங்கலத்துல ஏறுறதுதான் மொதல்ல. சன்னல் வழியா துண்டப் போட்டு சீட்டுப் பிடிச்சிட்டு, அம்புட்டுப் பேரும் ஏறிருவாங்க. இறங்குறவங்க நடுவுல மாட்டிக்கிருவாங்க. பஸ்ஸு பிதுங்குறது அந்த நேரந்தான். அதனால மொதல்ல கூட்டணும், அப்பறந்தான் கழிக்கணும். இந்தா பாருங்க, பட்டன் சாட்சி."

மேடம் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"எங்க மெஷின்லதான் ஜனங்க இத்தனை நாளா ஒழுங்கா இறங்கவிட்டு ஏறிக்கிட்டு இருந்தாங்க" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடச் சொன்னார்.

கதவு வரைக்கும் போனவனை மேடம் திரும்பக் கூப்பிட்டார். அந்த முதல் கேள்விக்கு விடை சொல்லிக்கொடுத்தவர், வெளியே போய்த் தானாகப் போட்டாரா என்று கேட்டார்.

"டீ ஆறுறதுக்குள்ள போட்டுட்டான் மேடம்."

"இம்மானுவேலா?"

அவன் வாயே திறக்கவில்லை. ஆனால் மரம் மறுபடியும் சிரித்துவிட்டது.

"மேல வரச் சொல்லுங்க. வேற கேள்விதான் கேப்பேன்."

டீக்கடையில் இம்மானுவேல் எழுந்து நின்றான். அதே கேள்விதானே என்றான். ஆமாம் என்றான் அழகுபாண்டி. தெரியும் என்று சொல்லிவிட்டேன் என்றும் சொன்னான்.

"கூறு கெட்டவனே, நான் இம்புட்டு நேரம் யாருக்குடா வடைத்தாள்ல கிழிச்சேன்?"

"வேலை கெடச்சிருச்சுடா."

இம்மானுவேல் அவனை இடுப்போடு தூக்கி ரோட்டிலேயே ஒரு சுற்றுச் சுற்றினான். அந்தரத்தில் இருந்தபடியே, உன்னை மேலே கூப்பிடுகிறார்கள் என்று அழகுபாண்டி சொன்னான். தொப்பென்று கீழே போட்டுவிட்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவி ஓடினான் இம்மானுவேல். அவன் வைத்துவிட்டுப் போன பாதி டீயை அழகுபாண்டி குடித்தான். ஆறிப் போயிருந்தாலும் அப்படியொரு ருசி.

இம்மானுவேல் இறங்கி வருவதற்கு அடுத்த டீ வரைக்கும் ஆயிற்று. வந்தவன் நேரே கடைக்காரரிடம் ஊருக்கே சேர்த்து வடை சொன்னான். அழகுபாண்டிக்கு விஷயம் விளங்கிவிட்டது.

சாயங்காலம் திருமங்கலம் பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியது. அழகுபாண்டி மட்டும் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பட்டன் இல்லாத நெஞ்சைத் திறந்து போட்டபடி, கடைசி ஆள் இறங்குகிற வரைக்கும் ஒதுங்கி நின்றான். இறங்கிய அம்மா ஒருவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். ஏறிப் பார்த்தால் ஒரு சீட் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் வரைக்கும் நின்றே போனான். ஸ்டூலை வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி மாமாவுக்குப் போன் பண்ணும்போது, சிரிப்பை அவனால் அடக்கவே முடியவில்லை.