எஞ்சின் ஏன் நிற்கவில்லை

நடு ஏரியில் எஞ்சின் இருமியது. இரண்டு தடவை செருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"கிழட்டுச் சனியனே, இன்னிக்குத்தானா உனக்கு?" என்றேன்.

"என்னையா சொன்னே?" என்று எதிர்ப் பலகையிலிருந்து கேட்டார் என் மாமனார்.

"உங்களைச் சொல்வேனா மாமா? எஞ்சினைச் சொன்னேன்."

"என்னைச் சொன்னாலும் தப்பில்ல. ரெண்டும் ஒரே கேஸுதான்."

மாமா ரொட்டிக் கடை நடத்தியவர். மலை மாதிரி மாவை அசராமல் பிசைந்த அவருடைய வலது கை, பக்கவாதம் வந்ததிலிருந்து மடியில் கிடக்கிறது. அக்கரை ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் போன தடவை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நரம்பு உயிரோடதான் இருக்கு. இவர்தான் முயற்சியே பண்ண மாட்டேங்கிறார்" என்றாள். மாமாவோ இன்றைக்கு வீட்டை விட்டு இறங்கும்போதே, இதுதான் கடைசி, இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். இன்று ஒரு விரலாவது அசைந்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் அந்தக் கையை மறந்துவிட வேண்டியதுதான். இன்றைக்கென்று பார்த்துத்தான் எஞ்சினும் கழுத்தறுத்தது.

நான் படகு ஓட்டிப் பிழைப்பவள். எஞ்சின் என்னைவிட மூத்தது. அதன் கார்புரேட்டரைச் சமீபத்தில்தான் பிரித்து, ஊசிகூட நுழையாத துளைகளையெல்லாம் ஊதிச் சுத்தம் செய்திருந்தேன். அதனால் அதை விட்டுவிட்டு, டேங்க்கிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். டேங்க்குக்குள் காற்று போக வழியில்லாவிட்டால் பெட்ரோல் வெளியே வராது. மூடியைத் திருகினேன். உஸ் என்ற சத்தமே இல்லை, காற்று தாராளமாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. கண்ணாடி ஃபில்டரிலும் தண்ணீரோ தூசியோ இல்லை.

டேங்க்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயில், கைக்கு அடக்கமாக ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். கிளப்புவதற்கு முன் அதை அழுத்தி முதல் பெட்ரோலை ஏற்றிவிட்டால், பிறகு எஞ்சின் தானே இழுத்துக்கொள்ளும். டேங்க் பக்கம் அடைப்பு இருந்தால் குமிழ் சப்பிப்போய்விடும். இது சப்பவில்லை, தொளதொளவென்று இருந்தது. இறுகும்வரை அழுத்திவிட்டுப் பின்னால் வந்து கயிற்றை இழுத்தேன். உடனே கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதே இருமல்.

பம்ப்தான் என்று தோன்றியது. அதற்குள் ஒரு மெல்லிய ரப்பர் ஜவ்வு இருக்கிறது. பிஸ்டன் விடும் மூச்சு அந்த ஜவ்வைத் தள்ளும், ஜவ்வு பெட்ரோலை ஏற்றும், அந்தப் பெட்ரோல் பிஸ்டனை ஓட்டும். எத்தனை தடவை கழற்றி மாட்டினாலும் இதை நினைத்தால் எனக்கு வாய் பிளக்கத்தான் தோன்றும். ஜவ்வு கிழிந்திருந்தால் பம்ப் செய்கிற வேலையைக் கையால் செய்தாக வேண்டும். ஆனால் பின்பாரம் குறையட்டும் என்று டேங்க்கை முன்னால் தள்ளி வைத்திருந்தேன். குமிழ் மாமாவின் காலடியில் கிடந்தது. எஞ்சின் ஓடும்போது அதன் கைப்பிடியை விட்டு நான் நகர முடியாது.

"மாமா, அந்த ரப்பரை எடுத்து அழுத்துங்க. விட்டு விட்டு அழுத்தணும்."

"எந்தக் கையால?"

"இருக்கிற கையால."

முறைத்துவிட்டு இடது கையால் எடுத்தார். கயிற்றை இழுத்தேன். அவர் அழுத்த அழுத்த எஞ்சினின் குரல் தெளிந்தது.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார். சிறிது நேரத்தில் குரல் இறங்கியது. "இப்ப அழுத்துங்க." ஏறியது. பம்ப்பேதான்.

"அப்ப என் கையாலதான் ஓடுதா இது?"

"உங்க கையாலதான்."

அவர் முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு மிதப்பு வந்தது. "மாவு மாதிரியே இருக்கு. உன் புருஷன் இருக்கானே, மாவைத் தொடவே பயப்படுவான்" என்றார். இடது கை கடுத்ததும், குமிழை வலது உள்ளங்கையில் வைத்து, மேலே இடது கையை வைத்து அழுத்தினார்.

அப்போது ஒரு பெரிய மணல் படகு எங்களை உரசாத குறையாகக் கடந்து போனது. அதன் அலையில் எங்கள் படகு சாய்ந்தது. மாமா சட்டென்று இடது கையால் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் நிற்கப் போகிறது என்று கயிற்றில் கை வைத்தேன்.

அது நிற்கவில்லை. அலை அடங்கிய பிறகும் மாமாவின் இடது கை விளிம்பிலேயே இருந்தது. அவர் திரும்பி உட்கார்ந்து மணல் படகுக்காரனின் வம்சத்தையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார். எஞ்சின் சீராக ஓடியது.

பெட்ரோல் தானாக வராது. பம்ப் போய்விட்டது, அதைச் சோதித்தும் பார்த்தாயிற்று. அப்படியானால் யாரோ ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும். நான் அவர் மடியைப் பார்த்தேன்.

வலது கையின் விரல்கள் குமிழின் மேல் மூடின, திறந்தன, மறுபடி மூடின. பாதிதான் மூடின. பிடியில் பெரிய பலம் இல்லை. ஆனால் எஞ்சினுக்கு அது போதுமானதாக இருந்தது. இத்தனை பெரிய இரும்பை அந்தச் செத்த கை ஓட்டிக்கொண்டிருந்தது.

சொன்னால் நின்றுவிடுமோ என்று பயந்து நான் வாயைத் திறக்கவில்லை. குறைந்த பெட்ரோலிலேயே ஓடட்டும் என்று வேகத்தை மட்டும் தணித்தேன். மாமா மணல் படகை முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்காரர்களைத் திட்ட ஆரம்பித்தார். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

துறையை நெருங்கியதும் எஞ்சினை அணைத்தேன். படகு மிதந்து போய்க் கரையில் முட்டியது.

"என்னம்மா, ரப்பர் கல்லு மாதிரி இறுகிடுச்சு. போதுமா?" என்றார்.

"இன்னும் கொஞ்சம், மாமா."

"எஞ்சின்தான் நின்னுடுச்சே."

எனக்குக் கண் கலங்கி எதிரே அவரே சரியாகத் தெரியவில்லை. மாமா என் முகத்தைப் பார்த்தார். நான் எதைப் பார்க்கிறேன் என்று குனிந்து பார்த்தார்.

அப்புறம் மறுபடி அழுத்தினார். இந்த முறை, தெரிந்தே.